ஓசி நெட்டில் ஏறிய கண்டக்டர்

என் தம்பி ரங்கசாமியைப் பற்றிச் சொல்கிறேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஓடும் டவுன் பஸ்ஸில் காலம் முழுக்கக் கண்டக்டராக இருந்தவன். அந்தத் தடத்தில் போய் வந்தவர்களுக்கு அவன் பெயர் தெரியாவிட்டாலும், "லக்கேஜ் டிக்கெட் எடுத்தியாம்மா?" என்ற குரல் தெரிந்திருக்கும். ஒரு மூட்டை முருங்கைக்காயாக இருந்தாலும் விட மாட்டான். மடியிலதானே வைத்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால், "மடிக்கு வேண்டாம்மா, மூட்டைக்கு எடு" என்பான்.

எனக்கும் அவன் ஓசி கொடுத்தது கிடையாது. திருவானைக்காவலில் ஏறி ஸ்ரீரங்கத்தில் இறங்கிவிடுவேன். அதற்குள் வந்து என் முன்னாலும் கையை நீட்டுவான். ஒரு தடவை எனக்குப் பொறுக்கவில்லை. "டேய், உன்னைத் தூக்கி வளர்த்தவடா நான்" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "வளர்த்ததுக்குச் சாயங்காலம் வீட்ல கும்பிடறேன் அக்கா. இப்ப சில்லறை குடு" என்றான். பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கோபம். ஆனால் தெருவில் நாலு பேரிடம் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டேன். இப்போது டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. "இது உன் காலத்துல வந்திருந்தா நீ நெஞ்சு வெடிச்சிருப்படா" என்று அவனைச் சீண்டுவேன்.

நீட்டினால் டிக்கெட்டுக்காக மட்டும் நீண்ட அந்தக் கை ஒரு நாள் வேறு மாதிரி நீண்டது. பக்கத்தில் நானும் நின்றேன். நினைத்தால் இன்றைக்கும் முகம் கூசுகிறது. எனக்கு எழுதத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இதைக் கைப்பட எழுதியிருக்க மாட்டேன். வாயால் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

நாங்கள் உப்பிலியபுரத்துப் பக்கம் காடு கழனி வைத்திருந்த குடும்பம். ரங்கசாமி வேலை கிடைத்து ஸ்ரீரங்கம் வந்தான். பெண்டாட்டி வேலம்மாள், ஒரே பெண் மலர்க்கொடி. என் வீட்டுக்காரர் போன பிறகு நானும் திருவானைக்காவலுக்கு வந்துவிட்டேன். மலர்க்கொடியைக் கலையரசன் என்ற பையனுக்குக் கொடுத்தார்கள். அவனுக்குக் கோலாலம்பூரில் வேலை. திருச்சியில் பிளேன் ஏறினால் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் இறக்கிவிடுகிறான், அவ்வளவுதான் தூரம்.

கல்யாணமாகி வெகுநாள் கழித்து மலர்க்கொடிக்குக் குழந்தை தங்கியது. டாக்டர் அலையக் கூடாது என்றதால் வளைகாப்பை அங்கேயே வைத்தார்கள். எல்லாம் கூடி வந்த நேரத்தில் வேலம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகிப் படுக்கையில் கிடந்தாள். கவனித்துக்கொள்ளக் கேத்தரின் என்ற பெண் வந்து போய்க்கொண்டிருந்தாள்.

வேலம்மாள் அழவில்லை. விழுவதற்கு முன்பே ஸ்ரீரங்கத்துக் கடையில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்திருந்தாள். அதைக் கோலாலம்பூர் கிளம்பும் எங்கள் இருவர் பையில் வைக்கச் சொல்லிவிட்டு, புருஷனைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏங்க, தாய் வீட்டு வளையலை மொதல்ல போடுவாங்க. அதை நான் பார்க்கணும். போடுங்கன்னு நான் சொல்லி, அப்புறம்தான் அவ கையில ஏறணும். அதுக்கு மட்டும் வழி பண்ணுங்க."

"போன்ல காட்டறேன். நேர்ல உட்கார்ந்த மாதிரி இருக்கும், பாரு" என்றான் ரங்கசாமி.

வாக்குக் கொடுத்துவிட்டு முஜிபுர் ரஹ்மான் கடைக்குப் போனான். திருவானைக்காவலில் சிம்மு, ரீசார்ஜ் எல்லாம் பார்க்கும் கடை. நானும் கூடப் போனேன்.

முஜிபுர் பொறுமையாகச் சொன்னார். "ரெண்டு மூணு வழி இருக்குங்க. இங்கயே உங்க நம்பர்ல வெளிநாட்டு பேக் போட்டுக்கலாம். நம்பர் மாறாது, இறங்குனதும் வேலை செய்யும். ஆனா நாளைக்கு இவ்வளவுன்னு ஓடும், விலை கூட. இல்லைன்னா அந்த ஊர்ல இறங்கி அந்த ஊர் சிம்மே வாங்கிடுங்க. பாஸ்போர்ட்டைக் காட்டினா குடுப்பாங்க. உங்களை மாதிரி தங்கி வர்றவங்களுக்கு அதுதான் மலிவு, நெட்டும் தாராளமா வரும். உங்க போன்ல ரெண்டு சிம் போகும். பேங்க் மெசேஜுக்கு நம்ம சிம்மும் ஒரு பக்கம் கிடக்கட்டும்."

"சிம் கார்டே இல்லாம வருதாமே?" என்றான் ரங்கசாமி.

"அது புது போனுக்குங்க அண்ணே. உங்க போன் என் கல்யாணத்துக்கு முந்தி வந்தது."

ரங்கசாமி யோசித்தான். அவன் யோசிப்பது எனக்குத் தெரியும், பஸ்ஸில் ஸ்டேஜ் கணக்குப் போடுகிற முகம். "பொண்ணு வீட்ல வைஃபை இருக்கு. வெளிய போறது வளைகாப்பு அன்னிக்கு ஒரு நாள்தான். போகாத ஸ்டேஜுக்கு எதுக்கு டிக்கெட்? அந்த ஒரு நாளுக்கு, இருக்கறதுலயே சின்ன பேக்கா ஒண்ணு போடுங்க."

"சின்னது வீடியோவுக்குத் தாங்காதுங்க."

"ஒரு வளையல் போடற நேரம்தானே பாய். எவ்வளவு ஆகும்?"

"பேசாம அந்த ஊர் சிம்மை வாங்குடா" என்று நான் சொன்னேன். அவர் சொன்னதில் எனக்கே விளங்கியது அவனுக்கு விளங்காமல் இல்லை. "நீ சும்மா இரு அக்கா" என்றான். முஜிபுர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். முடிந்தது.

கோலாலம்பூரில் மாப்பிள்ளை வீடு பத்தாவது மாடியோ என்னவோ, எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். சம்பந்தி வீட்டார் எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். முதல் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது கலையரசன் ஒரு சின்ன உறையை நீட்டினான்.

"மாமா, உங்களுக்கு ஒரு சிம் வாங்கி வெச்சேன். வெளிய வாசல்ல போனா உதவும்."

ரங்கசாமி கையை மடக்கிக்கொண்டான். "பொண்ணைக் குடுத்த வீட்ல கையை நீட்டறது எங்க வழக்கம் இல்லைங்க மாப்பிள்ளை."

"அப்ப அந்த வைஃபை யார் வீட்டுதுடா?" என்று கேட்டேன்.

"அது காத்துல வருது."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். இவன் பிடித்துக்கொண்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் நெட்டுக்குக் காசைக் கொட்டுகிறார்கள், கணக்காக இருந்தால் ஒரு நாள் பேக்கில் வெளிநாட்டுப் பயணத்தையே முடித்துக் காட்டலாம், நான் காட்டுகிறேன் பாருங்கள் என்று ரசம் ஆறும் வரை பேசினான். சம்பந்தியம்மா, "அண்ணன் கம்பெனி நடத்தினா நல்லா வரும்" என்றாள். அது கேலி. இவன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினான். மலர்க்கொடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலையரசன் உறையை அலமாரியில் வைத்துவிட்டான்.

வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டிலிருந்து மண்டபத்துக்குக் காரில் போனோம். ஏறும்போதே போனைத் தட்டிப் பார்த்து, "பேக்கு ஏறிடுச்சு" என்றான். கொஞ்ச தூரத்தில் எதிரே ஒரு பஸ் வந்து நின்றது. ஜனங்கள் வரிசையாக ஏறி, ஒரு அட்டையைப் பெட்டியில் காட்டிவிட்டுத் தாங்களாக உட்கார்ந்தார்கள். என் தம்பி கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தான்.

"அக்கா, கண்டக்டரே இல்லை."

உடனே மார்ட்டினுக்கு வீடியோ போட்டான். மார்ட்டின் இவன் பஸ்ஸின் டிரைவர், இவனோடுதான் ஓய்வு பெற்றார். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், பல்லைத் துலக்கிக்கொண்டே வந்தார். "பாருடா மார்ட்டின், கண்டக்டரே இல்லாத பஸ்ஸு!"

"அதான் ஜனங்க முகம் நிம்மதியா இருக்கு" என்றார் மார்ட்டின்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பஸ்ஸாகக் காட்டினான். சிவப்பு பஸ், மாடி பஸ், பாலத்துக்கு மேலே போகும் ரயில். வழியில் கார் நகராமல் நின்றபோதும் வைக்கவில்லை. நான் ஒரு தடவை, "போதும் வைடா" என்றேன். நானும் எட்டி எட்டி மார்ட்டினிடம் பேசிக்கொண்டுதான் வந்தேன், மறைக்க மாட்டேன்.

மண்டபத்தில் மலர்க்கொடியை மணையில் உட்கார வைத்துவிட்டார்கள். சந்தனம், குங்குமம், தட்டு தட்டாகச் சாதம். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது என்று சம்பந்தியம்மா அவசரப்பட்டாள். எங்கள் வளையல் தட்டு முன்னால் இருந்தது. எல்லோரும் ரங்கசாமியின் போனைப் பார்த்தார்கள். அவன் போட்டான். வட்டம் சுற்றியது. மறுபடி போட்டான். ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. படித்ததும் அவன் கழுத்து வரை வியர்த்துவிட்டது.

"பேக்கு முடிஞ்சுடுச்சு அக்கா" என்றான் என் காதில்.

கலையரசனின் தங்கை, "மாமா, என் போன்ல அத்தையைக் கூப்பிடட்டுமா?" என்றாள். நல்ல பெண். இவன் என்ன சொன்னான் தெரியுமா? "வேண்டாம்மா, இங்க சிக்னல் சரியில்ல. ஒரு நிமிஷம்." அப்படியே நழுவி வெளியே வந்தான். நான் பின்னால் ஓடினேன்.

மண்டபத்து வைஃபைக்கு ஆபீஸ்காரரைக் கேட்க வேண்டும், அன்று ஆபீஸ் பூட்டு. முஜிபுரைக் கூப்பிட்டான், எடுக்கவில்லை. ஊரில் கடை திறக்கிற நேரமா அது? ஸ்ரீரங்கத்தில் வேலம்மாள் பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து, தலையணையில் சாய்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"மாப்பிள்ளையைக் கேளுடா."

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டுக் கேக்கறது?"

சமையல்கட்டுப் பின்வாசலில் ஒரு பெண் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் விளிம்பில் அவள் போனில் மாதா பாட்டு ஓடியது. ரங்கசாமி நேராகப் போய், "அம்மா, நீங்க தமிழா?" என்றான்.

"திருச்சிங்க. பாலக்கரை. பேரு லூர்துராணி."

அவன் கை நீண்டது. எந்த ஜன்மத்திலும் நான் பார்க்காத நீட்டல், உள்ளங்கை மேலே பார்த்தபடி. "ஒரு நிமிஷம் உங்க போன்லேர்ந்து ஹாட்ஸ்பாட் குடுங்கம்மா. என் பொண்ணு வளைகாப்பு. அவங்க அம்மா ஊர்ல படுத்துக்கிடக்கறா."

அவள் கேள்வியே கேட்கவில்லை. கையை முந்தானையில் துடைத்து, பாட்டை நிறுத்தி, எதையோ தட்டினாள். "போட்டுக்கங்க ஐயா. இந்த ஜன்னல்லயே வெக்கறேன், ஹாலுக்குள்ள எட்டும்."

எட்டியது. வேலம்மாள் முகம் வந்தது. பூ ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவள் மகளைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். பிறகு, "போடுங்க" என்றாள். பச்சை வளையல் ஏறியது. மலர்க்கொடி அப்போதுதான் அழுதாள்.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு நிமிஷம் என்றுதானே வாங்கினோம். நான் புருஷன் இல்லாதவள், வளையல் போட மாட்டேன். போனையாவது பிடிக்கிறேன் என்று அவன் கையிலிருந்து பிடுங்கினேன். ஒவ்வொரு கையாகக் காட்டினேன். புளிசாதம், தேங்காய்சாதம், சம்பந்தியம்மா புடவை, வந்தவர்கள் போனவர்கள், எல்லோரையும் வேலம்மாளுக்கு வணக்கம் சொல்ல வைத்தேன். ரங்கசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சிக்னல் வந்துடுச்சு பாத்தீங்களா" என்று சம்பந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நலங்கு பாடும்போது படம் அப்படியே நின்று, அணைந்தது. ஊரில் கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன்.

பந்தி போட்டதும், லூர்துராணிக்கு ஒரு தட்டில் சாதமும் வளையலும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். அவள் போனை அணைப்பதும் போடுவதுமாக இருந்தாள்.

"என்னம்மா?"

"நெட்டு முடிஞ்சுடுச்சு போலம்மா. பரவால்ல, விடுங்க."

விடவில்லை. கேட்டுக் கேட்டு வாங்கினேன். அவளுடைய பெண் ஜாஸ்லின் கே.கே. நகர் பக்கம் ஒரு விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரம் போன் கொடுப்பார்கள். படிப்பு மணி அடித்தால் வாங்கி வைத்துவிடுவார்கள். வாரத்தில் தாயும் மகளும் முகம் பார்ப்பது அந்த நேரம்தான். அதற்காகத்தான் அவள் வாரம் முழுக்க நெட்டைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாள். நாங்கள் புளிசாதத்தைக் காட்டித் தீர்த்துவிட்டோம்.

"அந்த நேரம் எப்பம்மா?"

"இப்பதாங்க."

நான் ரங்கசாமியிடம் ஓடினேன். மாப்பிள்ளையிடம் சொன்னால் அவள் நம்பருக்கு உடனே போட்டுவிடுவான், போ, சொல்லு என்றேன். எழுந்து போனான். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று, "பாயசம் நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். மறுபடி தள்ளினேன். இந்தத் தடவை தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு வந்தான்.

"எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க அக்கா. எழுந்ததும் தனியாச் சொல்றேன். என் மானம் போயிடும்."

"அது அந்த ஜன்னல்கிட்டயே போயிடுச்சுடா. அந்தப் பொண்ணு அங்க போனைப் பார்த்துக்கிட்டு நிக்கறா. நீ சொல்றியா, நான் கத்தட்டுமா?"

மூன்றாம் தடவை போனவன் பந்தி நடுவில் நின்றே சொன்னான். "மாப்பிள்ளை, என் பேக்கு காலையிலயே தீர்ந்துபோச்சு. உங்ககிட்டக் கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு, பாத்திரம் தேய்க்கற அம்மாகிட்ட வாங்கி அவங்க நெட்டைக் காலி பண்ணிட்டேன். அவங்க பொண்ணோட பேசணும். கொஞ்சம் போட்டு விடுங்க."

யாராவது சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. சம்பந்தி இலையைப் பார்த்தார். சம்பந்தியம்மா பரிமாறுகிற கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கலையரசன் எச்சில் கையோடு எழுந்து, இடது கையால் போனை எடுத்து, நம்பர் கேட்டுப் போட்டுவிட்டான். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்த வேலை.

லூர்துராணி கூப்பிட்டாள். வெகுநேரம் அடித்தது. எடுத்த விடுதி சிஸ்டர், பிள்ளைகள் படிக்கப் போய்விட்டார்கள், அடுத்த வாரம் கூப்பிடுங்கள் என்றார். "சரிங்க சிஸ்டர்" என்று வைத்துவிட்டு, ரங்கசாமியைப் பார்த்து, "ரொம்ப நன்றிங்க ஐயா" என்றாள். திட்டியிருக்கலாம். அண்டாவைத் திருப்பிப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

திரும்பி வரும்போது காரில் ரங்கசாமி ஒரு பஸ்ஸையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பால்கனியில் நின்றுகொண்டு சொன்னான். "ஓசியில ஏறினது கூடப் பெருசு இல்ல அக்கா. சீட்டுல இருந்தவளை எழுப்பி விட்டுட்டு உட்கார்ந்திருக்கேன்."

அவன் மட்டுமா? நானும்தானே உட்கார்ந்தேன்.

மறுநாள் மாப்பிள்ளையிடம் தானே போய்க் கேட்டு அந்த உறையை வாங்கிப் போட்டுக்கொண்டான். கிளம்புவதற்கு முன்னால் என்னையும் அழைத்துக்கொண்டு அந்த மண்டபத்துக்குப் போய், "ஊருக்குப் போறோம். பொண்ணுக்கு ஏதாவது குடுத்தனுப்பணுமாம்மா?" என்று லூர்துராணியிடம் கேட்டான். வெளிநாடு போய் வருகிறவர்கள் கையில் சாமான் கொடுத்துவிடுவது நம் ஊர் வழக்கம். இவன் அடுத்தவர் சாமானைத் தொட்டதே இல்லை. பிஸ்கட் டப்பாவும், ஒரு ஜோடி செருப்பும், தலைக்கு மாட்டும் கிளிப்புகளும் கொடுத்தாள். விமானத்தில் அந்தப் பையை மேலே வைக்கச் சொன்னதற்குக் கேட்காமல் மடியிலேயே வைத்திருந்தான். "மூட்டைக்கு டிக்கெட் எடுத்தியாடா?" என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை.

ஊருக்கு வந்ததும் வேலம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அன்று சாயங்காலம் வரை அவனோடு பேசவில்லை. பிறகு கேத்தரினைக் கூப்பிட்டு, மிச்சமிருந்த சிவப்பு வளையலைத் துணியில் சுற்றி அந்தப் பையில் வைக்கச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போனோம். லூர்துராணி முன்பே சிஸ்டரிடம் சொல்லி வைத்திருந்தாள். ஜாஸ்லின் ஒல்லியாக, அம்மாவின் கண்ணோடு வந்து நின்றாள். பையை வாங்கி, வளையலைப் பார்த்து, "இங்க போட விடமாட்டாங்க பாட்டி, லீவுல போட்டுக்கறேன்" என்றாள்.

ரங்கசாமி ஆரம்பித்தான். "அன்னிக்கு உங்க அம்மா கூப்பிடலைல்லம்மா…"

"ஆமா தாத்தா. எல்லாரும் பேசி முடிச்சுட்டாங்க. நான் மணி அடிக்கற வரைக்கும் போன்கிட்டயே நின்னேன். ஏதாவது ஆயிடுச்சோன்னு பயமா இருந்துச்சு. சாயங்காலம்தான் அம்மா போன்ல சார்ஜ் இல்லைன்னு சிஸ்டர் மூலமா சொல்லி விட்டாங்க."

தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். நான் அவன் முகத்தையே பார்த்தேன்.

"சார்ஜ் இருந்துச்சும்மா" என்றான். "நெட்டும் இருந்துச்சு. நான்தான் வாங்கித் தீர்த்துட்டேன்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் சிஸ்டர் போனோடு வந்தார். லூர்துராணிதான். ஜாஸ்லின் முகம் அப்படியே மாறிவிட்டது. "அம்மா, அந்தத் தாத்தா வந்திருக்காங்க" என்றாள். அந்தப் பக்கம் ஏதோ சொல்ல, போனை ரங்கசாமியிடம் நீட்டினாள். "உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம்."

அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "வேண்டாம்மா. நீ பேசு, நேரம் போகுது" என்று சொல்லிவிட்டு, மணி அடிக்கும் வரை வெளிக்கேட்டில் போய் வெயிலில் நின்றான்.